இரிங்க உம்மா

வெலிமடை
2.10.1978

அன்புள்ள மதினி பலீலாவுக்கு ஸகீனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமி விழுந்தபோது அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மாமி இருந்தார். அவருடைய இடது பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நான். எங்களுக்கு முன்னால் மேல்வீட்டு ஜெஸீமா மாமி, குடையை ஊன்றியபடி. பின்னால், தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கடைக்கு வந்துகொண்டிருந்த பெரியாயி. றஷீதா தன் வீட்டுப் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு ஒருவரும் இல்லை. என் மாப்பிள்ளை, உங்கள் நானா, உருளைக்கிழங்கு லொறியோடு கொழும்புக்குப் போயிருந்தார். நீங்கள் மொனராகலையில் இருந்தீர்கள். ஆகவே, "மருமகள் கிழவியை ரோட்டில் விட்டுவிட்டுக் கதை பேசிக்கொண்டு நின்றாளாம்" என்று உங்களிடம் சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் அங்கே இல்லை.

றஷீதா வீட்டு வாசலில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கு மேல் ஒரு பலகை போட்டிருக்கிறது. மழையில் நனைந்திருந்தது. பலகைக்கு வந்ததும் மாமி என் கையை உதறினார். "விடு புள்ள, இதைத் தாண்ட எனக்கு ஏலும்" என்றார். ஏலவில்லை. சறுக்கி உட்கார்ந்துவிட்டார். கையை ஊன்றியதில் மணிக்கட்டு வீங்கியது. அழவில்லை. "கானுக்குள்ள போகாம மேலயே இருந்திட்டேன் பாத்தியா" என்று சிரித்தார். பெரியாயிதான் அவரைத் தூக்கி நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்று சொல்லிக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். அவர்கள் எழுதித் தந்த துண்டு என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காரோடு வந்தீர்கள். தேயிலை ஊற்றி வைத்தேன், குடிக்கவில்லை. அன்று காலை மாமி கட்டிலிலிருந்து தானாக எழும்பி, கைகால் கழுவி வுளூ செய்து, நின்று தொழுதவர். வாசலில் உங்களிடம், "நான் நடந்தே காருக்கு வாறேன்" என்றார். "இரிங்க உம்மா, இரிங்க" என்று சொல்லி, ட்ரைவரையும் நானாவையும் கொண்டு கதிரையோடு தூக்கி ஏற்றினீர்கள். தெருவில் ஆட்கள் நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

"இந்த வயசுல எங்கட உம்மாவுக்கு ரோட்டுல என்ன வேலை" என்று கேட்டீர்கள். வேலை இதுதான். மாமா தை மாதம் மௌத்தானார். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கி வைக்கட்டும். நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த அன்று மாமியைக் குளிப்பாட்டி வெள்ளைச் சேலையை மாற்றக் கூப்பிட்டால் பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்கினோம். முழங்கால் இரண்டும் கட்டை மாதிரி இருந்தது. கிளினிக்கில் டாக்டர் அதட்டினார். "நோய் வருத்தம் ஒண்டும் இல்ல. உக்கார வெச்சுக் காலக் கெடுத்திட்டீங்க. நடக்க விடுங்க, இல்லாட்டி படுத்த படுக்கைதான்" என்றார். எங்களுக்கு முன்னால் நின்ற கிழவிக்கும் பின்னால் நின்ற கிழவிக்கும் அதையேதான் சொன்னார்.

சொல்வது லேசு. "நடந்து எங்க போற? எனக்குப் போறத்துக்கு எங்க இடம் ஈக்கி?" என்று மாமி கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? சந்தைக்கா, பள்ளிக்கா? நம் ஊரில் வயதுபோன பொம்பிளை போவதற்கு மையத்து வீட்டைத் தவிர வேறு வீடு உண்டா? அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் கூடி யாசீன் ஓதுவோம். அதை ஒரே வீட்டில் வைக்காமல் வீடு மாற்றி வைத்தேன். முதலில் அடுத்த வீடு. பிறகு அதற்கு அடுத்தது. பிறகு கடைமூலை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூரமான வீடு. மனதில் வைத்த நிய்யத்து ஓதுவதற்கு. கால்கள் அந்த நிய்யத்துக்குப் பின்னால் நடந்து வந்தன.

ஊரில் இருக்கும் கிழவிகள் எல்லாம் வந்தார்கள், மதினி. மேலேயிருந்து ஜெஸீமா மாமி இறங்கி வந்து, "உன்ட மருமகள் எங்களுக்கெல்லாம் பெரட்டு வெச்சிட்டா" என்று மாமியிடம் சொல்லிச் சிரிப்பார். தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டிப் பேர் போட்டு, பிந்தினால் அரைநாள் சம்பளம் என்பார்களே, அந்தப் பெரட்டு. பெரியாயி வழியில் கண்டால் விடமாட்டாள். "என்னாம்மா, இன்னைக்கும் பெரட்டுக்கா? கங்காணியம்மா பேரு போட்டாச்சா?" என்று என்னைக் காட்டிக் கேட்பாள். மாமி, "பிந்தி வந்தா அரைப்பேருதான் போடுவா, பொல்லாதவ" என்பார். மாமா மௌத்தான பிறகு அவர் பகிடி பேசிக் கேட்டது அங்கேதான்.

மணிக்கட்டு ஆறியதும் மாமியை அனுப்பிவையுங்கள். அதுவரைக்கும் உங்கள் வீட்டுக்குள்ளேயாவது நடக்க விடுங்கள்.

ஸகீனா


மொனராகலை
16.10.1978

மதினி ஸகீனாவுக்கு பலீலா எழுதிக்கொள்வது. ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. என் மாப்பிள்ளையும் வாசித்தார். "பொலிசுல குடுத்த வாக்குமூலம் மாதிரி எழுதி ஈக்கி" என்று சொன்னார். யார் முன்னால், யார் பின்னால், யார் படலையைப் பிடித்தார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உருளைக்கிழங்கு மூட்டைக் கணக்கு எழுதிப் பழகிய கை. என் உம்மா மூட்டை இல்லை.

விழுந்தாரா, இல்லையா? விழுந்தார். உங்கள் கையிலிருந்தபோது விழுந்தார். மிச்சம் எல்லாம் கதை.

லயத்துப் பொம்பிளை என் உம்மாவை ரோட்டில் தூக்கி நிறுத்தினாளாம். அதையும் வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வாப்பா ஹயாத்தோடு இருந்தபோது உம்மா கடைத்தெருவுக்கு இறங்கியதுண்டா? வாப்பா மௌத்தாகி வருஷம் திரும்பவில்லை, அவருடைய பொண்டாட்டியை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனீர்கள். பேருக்கு யாசீன். ஊர் என்ன பேசும்? பிள்ளைகள் சோறு போடாமல் வீட்டுக்கு வீடு அலைய விட்டிருக்கிறார்கள் என்றுதான் பேசும். பேசுகிறார்கள். மொனராகலை வரைக்கும் வந்துவிட்டது.

இன்னொன்று கேட்கிறேன். உம்மாவைக் கொண்டு உருளைக்கிழங்கு தோல் சீவ வைத்தீர்களா, இல்லையா? கோழிக்கூட்டைத் திறக்க வைத்தீர்களா, இல்லையா? உம்மாவே என்னிடம் சொன்னார். முறைப்பாடாகச் சொல்லவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "அங்க நான் காலையில கோழி தொறந்து விடுவேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

இங்கே அவர் கால் தரையில் படுவதில்லை. பிரம்புக் கதிரை ஒன்று செய்வித்து, சுவரோரம் மெத்தை போட்டு வைத்திருக்கிறேன். சாப்பாடு கைக்கு வரும். வுளூவுக்குத் தண்ணீர் பேசினில் வரும். இருந்தபடியே தொழுகிறார். எழும்பப் பார்த்தால் குசினி அடுப்படியிலிருந்தே சத்தம் போடுவேன், "இரிங்க உம்மா, நான் வாறேன்" என்று. வாற போற சனமெல்லாம், "மகள்மாரு எண்டா இப்பிடி ஈக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறது.

உங்களுக்கு உம்மா இல்லை. சின்னதிலேயே போய்விட்டார். அதனால் உங்களைக் குறை சொல்லவில்லை. உம்மாவை எப்படி வைத்துப் பார்ப்பது என்று உங்களுக்கு யார் காட்டித் தந்தார்கள்?

உம்மாவை அனுப்ப மாட்டேன்.

பலீலா


வெலிமடை
5.11.1978

அன்புள்ள மதினிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்திய வரிகளை வாசித்துவிட்டு எழும்பிப் போய்த் தொழுதேன். உடனே பதில் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். எனக்கு உம்மா இல்லாதது உண்மை. கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் உம்மா என்று நினைத்தவரை நீங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். அதுவும் உண்மை. அதை இத்தோடு விடுகிறேன்.

உருளைக்கிழங்கு சீவியதைக் கேட்டீர்கள். சீவினார். நான் கொடுக்கவில்லை, என் கையிலிருந்த கத்தியை வாங்கிச் சீவினார். "நீ தோலோட பாதிக் கெழங்கையும் சீவுறாய், உன்ட மாப்பிள எப்பிடி யாவாரம் பண்ணுற" என்று ஏசி ஏசிச் சீவினார். கோழியும் அப்படித்தான். நான் போய்த் திறந்தால் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசமாட்டார். வாய் தவறிச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். வாய் தவறவில்லை, மதினி. அவர் அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பார். உங்களுக்கு அது முறைப்பாடாகக் கேட்டிருக்கிறது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன். மாமியின் காலைக் கெடுத்தது பலகை இல்லை, ஒரு சொல். "இத்தா இருக்கிறா" என்று சொல்கிறோம் அல்லவா? மார்க்கக் கிதாபில் உள்ளது, கணவன் மௌத்தானவள் அந்தக் காலம் முடியும்வரை தன் வீட்டில் தங்கவேணும் என்பது. வீட்டில் தங்குகிறவள் குசினிக்குப் போகலாம், கிணற்றடிக்குப் போகலாம், முற்றத்தில் உலாவலாம், கோழிக்குத் தீனி போடலாம். அதையெல்லாம் யாரும் தடுக்கவில்லை. "இருக்கிறா" என்பதை நாம்தான் உட்கார்ந்திருக்கிறா என்று விளங்கிக்கொண்டோம். சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் பாயைப் போட்டு, மாமியை அதில் இருத்தினீர்கள். முற்றத்து வெளிச்சம்கூட மேலில் படவிடவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் வரைக்கும் நீங்கள் இங்கே இருந்தீர்கள். போகும்போது உங்கள் பெரியம்மாமாரைக் காவல் வைத்துவிட்டுப் போனீர்கள்.

நான் அன்றைக்கே சொன்னேன். நினைவிருக்கிறதா? "ஒங்களுக்கு யாரு மதினி ஓதித் தந்த? சாமான் சுத்தி வந்த பேப்பரப் பாத்துத்தானே எழுத்துப் படிச்ச" என்று கேட்டீர்கள். பெரியம்மாமார் சிரித்தார்கள். பிறகு நானாவைக் கொண்டு பள்ளி லெப்பையிடம் கேட்பித்தேன். வீட்டுக்குள் நடக்கத் தடையில்லை என்று அவரே சொன்னார். அதற்கும் உங்களிடம் பதில் இருந்தது. "ஆம்பிளைக்கு என்ன, சொல்லிட்டுப் போவாரு. பொம்பிளைக்கு வெக்கம் வேணுமே" என்றீர்கள்.

இத்தா எப்போதோ முடிந்துவிட்டது. நீங்கள் மறுபடியும் இருத்திவைத்திருக்கிறீர்கள். அப்போது பாய், இப்போது மெத்தை போட்ட பிரம்புக் கதிரை. இந்த இத்தாவுக்கு முடிவு நாள் எந்தக் கிதாபில் இருக்கிறது?

இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாமி விழுந்த செய்தி பரவியதும் மற்ற வீடுகளிலும் தங்கள் கிழவிகளைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். "ஜுனைதீன்ட உம்மாக்கு ஆனது எங்கட உம்மாக்கும் ஆகணுமா" என்று நானாவின் பேரைச் சொல்லி ஒவ்வொரு மகனும் கேட்கிறான். றஷீதாவின் மாமியாருக்கு நடக்க நல்ல ஆசை. அவருடைய செருப்பை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை ஓதுவதற்கு வந்தது ஜெஸீமா மாமி மட்டும்தான். வாசலில் குடையை மடக்கிக்கொண்டே, "பெரட்டுக் கலைஞ்சு போச்சு, கங்காணி" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாமியின் காலைத் தரையில் வைக்க விடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும். நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸகீனா


மொனராகலை
21.1.1979

மதினிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பதில் எழுதவில்லை என்று நினைத்திருப்பீர்கள். எழுத நினைத்துக் கிழித்துப் போட்டேன். இந்தக் கடிதத்தை நானாவுக்குக் காட்ட வேண்டாம்.

உம்மா எழும்புகிறார் இல்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். முதலில் நான் "இரிங்க" என்றதால் இருந்தார். இப்போது "எழும்புங்க" என்றாலும் இருக்கிறார். கக்கூசுக்கு என் மாப்பிள்ளையும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறோம். மருமகன் தூக்குவது உம்மாவுக்கு வெட்கம். அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து வெடித்திருக்கிறது. மருந்து போடுகிறேன், ஆறவில்லை. கால் இரண்டும் மெலிந்து போய்விட்டது. நான் ஒன்றும் குறை வைக்கவில்லை, மதினி. அல்லாஹ்வுக்குத் தெரியும். முட்டை, பால், கோழிச்சாறு எல்லாம் கொடுக்கிறேன். வாயைத் திருப்பிக்கொள்கிறார்.

இங்கேயுள்ள டாக்டரை வீட்டுக்கே கூப்பிட்டுக் காட்டினோம். அவர் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

யாராவது வந்தால் உம்மா கண்ணைத் திறந்து பார்க்கிறார். பிறகு மூடிக்கொள்கிறார். போன வெள்ளிக்கிழமை அஸர் பாங்கு கேட்டதும், "இண்டைக்கு யாரு வீட்டுல?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. என் மாப்பிள்ளை சும்மா, "எங்கட வீட்டுலதான் உம்மா" என்றார். "அப்ப நடக்கத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீங்கள் இல்லாததையும் பொல்லாததையும் எழுதினீர்கள். இத்தாவைப் பற்றி எழுதியதை நான் யாரிடமும் காட்டவில்லை. நீங்கள் சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்கிறேன். வாப்பா விழுந்ததைக் கண்ணால் கண்டது, அங்கே வந்து தங்கியிருந்த நான். நீங்கள் குசினியில் இருந்தீர்கள், நானா லொறியோடு போயிருந்தார். கிணற்றடியில் வாப்பா வாளியைக் கையில் எடுத்தார். பிறகு வாளி உருளுகிற சத்தம். அதற்குப் பிறகு வாப்பா என்று கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. விடியற்காலை ஸுப்ஹுத் தொழுகைக்கு வுளூ செய்யப் போன மனிதர், நல்ல மனிதர், நடக்கிற மனிதர். உம்மா கதிரையின் கையைப் பிடித்து எழும்பும்போதெல்லாம் எனக்கு அந்த வாளிச் சத்தம் கேட்கிறது. உங்களுக்குக் கேட்காது. அதனால் உங்களால் "நடக்க விடுங்கள்" என்று லேசாக எழுத முடிகிறது.

நீங்கள் வந்து ஒரு கிழமை நில்லுங்கள். நீங்கள் கூப்பிட்டால் எழும்புவார் என்று என் மாப்பிள்ளை சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் பழக்கிவிட்ட பழக்கம்தானே, நீங்களே வந்து பாருங்கள்.

வரும்போது பெரியாயியைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். இங்கே சனம் ஒரு மாதிரி.

பலீலா


வெலிமடை
29.1.1979

அன்புள்ள மதினி பலீலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதத்தை நானாவுக்குக் காட்டவில்லை. மொனராகலைக்குப் போய் வரவேணும் என்று மட்டும் சொன்னேன். "சண்டை பிடிக்கவா, சமாதானம் பண்ணவா" என்று கேட்டார். எனக்கே தெரியாது என்றேன்.

நான் சொன்னது சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவேன் என நினைத்தால் நீங்கள் என்னை அறியவில்லை. மாமியின் இடுப்பில் புண் என்று வாசித்த இடத்தில் நான் உங்களைத் திட்டினேன், வாய்விட்டே. ஜெஸீமா மாமி பக்கத்தில் இருந்தார். "ஏசாத, மகள் புள்ள பயந்தீக்கி" என்றார். பயம்தான், நான் விளங்காமல் இல்லை. மாமா விழுந்த சத்தத்தை நான் கேட்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். கேட்டிருந்தால் நானும் உங்களைப் போல ஆகியிருப்பேனோ, என்னவோ. ஆனால் மாமா நடந்ததால் மௌத்தாகவில்லை, மதினி. அவருடைய ஹயாத்து அன்றைக்கு அவ்வளவுதான். அந்த ஒரு நாளுக்காக மாமி உட்கார்ந்தே தண்டம் கட்டவேண்டுமா?

நான் வருகிறேன். வந்தால் என்ன செய்வேன் என்பதை இப்போதே எழுதிவிடுகிறேன், பிறகு அறியவில்லை என்று சொல்லக்கூடாது.

முதலில் புண்ணைப் பார்ப்பேன். அது ஆறுகிற வரைக்கும் படுத்தபடியே காலை மடக்கி நீட்டச் சொல்லுவேன். நோகும். நோகும்போது அவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நீங்கள் ஓடி வந்து என் கையைத் தட்டிவிடக்கூடாது. பிறகு கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு இருத்துவேன். பிறகு நிறுத்துவேன். சுவரைப் பிடித்து நடக்க வைப்பேன். கக்கூசுக்கு அவர் தானாகப் போகவேணும், எவ்வளவு நேரம் எடுத்தாலும். வுளூவுக்குப் பேசின் வராது, குழாயடிக்கு அவர் போவார். உங்கள் அண்டை அயலில் இருக்கிற கிழவிகளைக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமை ஓதவைப்பேன். முதல் வெள்ளி உங்கள் வீடு. இரண்டாவது வெள்ளி உங்கள் வீடு இல்லை. சனம் ஒரு மாதிரி என்று எழுதியிருந்தீர்கள். இருக்கட்டும், பார்த்துக்கொண்டு நிற்கட்டும். பெரியாயியைக் கூட்டி வர வேண்டாம் என்றீர்கள். அவள் முதுகில் தேயிலைக் கூடை தொங்கின காலத்திலிருந்து மாமியோடு வழியில் நின்று பேசினவள். தூக்கி நிறுத்திய கையை வேண்டாம் என்கிறீர்கள். சரி, அது உங்கள் வீடு. அவளைக் கூட்டி வரவில்லை.

இதெல்லாம் செய்தும் அவர் எழும்பாமல் போகலாம். நாள் கடந்துவிட்டது. அதை மறைக்க மாட்டேன்.

எழும்பினால் விழுவார். இதைத்தான் நீங்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேணும். நான் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன், ஆனாலும் விழுவார். மெலிந்த கால் ஒரு நாளில் நிற்காது. என் கையை உதறுவார், அது அவருடைய குணம். விழும்போது அங்கே இருப்பது நானும் நீங்களுமாகத்தான் இருக்கும். இந்த முறை படலையைப் பிடித்தவள், பின்னால் வந்தவள் என்று சாட்சிக்கு யாரும் இல்லை. அன்றைக்கு நீங்கள், "நான் சொன்னேனே" என்று மறுபடியும் அவரைத் தூக்கிக் கதிரையில் வைத்தால், அதற்குப் பிறகு அவரை எழுப்ப நானும் இல்லை, யாரும் இல்லை. அப்படி ஆவதைவிட நான் வராமலே இருக்கலாம். அவருக்கு ஆசை காட்டிவிட்டுப் பறிப்பதைவிட அது மேல்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். "உம்மா விழுந்தாலும் நடக்கட்டும்" என்று அந்த ஒரு வரி. உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்க வேண்டாம். நீங்களே எழுத வேணும். அது இல்லாமல் நான் பஸ் ஏற மாட்டேன். கல்மனம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நாளை மறுமையில் என்னிடம் கேட்டால் அங்கே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

புண் நாளுக்கு நாள் ஆழமாகும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஸகீனா